சுரண்டிய கை

"டேக்கைச் சுரண்டுனது யாருன்னு நீங்களே சொல்லிப்போடுங்க ஷாஹிதாக்கா. போலீசுன்னு போனா உங்களுக்குத்தானுங்க கஷ்டம்."

பேக்கிங் மேனேஜர் பிரபாகர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். அந்த மரியாதைதான் ஷாஹிதாவுக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். பொம்மை மிருகங்களைச் சேர்த்துச் சண்டைவிடும் செல்போன் கேம் ஒன்று. ஆரம்பிக்கக் காசு வேண்டாம். ஒரு சோப்ளாங்கிப் பொம்மையைச் சும்மா கொடுத்துப் பிள்ளைகளை உள்ளே இழுத்துவிடுவார்கள். பலசாலிப் பொம்மைகளோ காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதற்கென்றே படம் போட்ட பனியன் உண்டு. அதில் தொங்கும் டேக்கைச் சுரண்டி, உள்ளே இருக்கும் எண்ணைப் போட்டால்தான் வரும். அந்தப் பனியன்கள்தான் திருப்பூரில், இந்தக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக வெளிநாடு போயின. அங்கே பிரித்துப் பார்த்தால் பாதி டேக் ஏற்கெனவே சுரண்டியிருக்கிறது! சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கொதித்துப் போய்விட்டான்.

"நான் டேக் மாட்டறதோட சரிங்க சார். எனக்கு அந்தக் கேம் என்னன்னே தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியாதுங்க்கா. உங்க பொண்ணுக்குத் தெரியுமில்லீங்க? லீவு பூராவும் இங்கதானே உக்காந்திருந்துச்சு? கையில போனு, பக்கத்துல டேக் பெட்டி."

வீட்டில் தனியாக விடப் பயந்து மகள் ரைசாவைக் கூட்டி வந்தது ஷாஹிதாதான். பெண்ணும் எந்நேரமும் அந்தக் கேமில்தான் கிடந்தாள். எட்டாவது படிக்கிற பிள்ளை மேல் திருட்டுப் பட்டம் விழுந்தால் கல்யாணம் வரைக்கும் துரத்தாதா?

"அவ இல்லீங்க சார். நான்தானுங்க சுரண்டுனேன்."

பிரபாகர் சட்டென்று நிமிர்ந்தான்.

"நீங்களா?"

"ஆமாங்க. புள்ளைய மட்டும் இதுல இழுத்துடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் வேகமாகத் தலையாட்டினான்.

"செரிங்க்கா. போலீசெல்லாம் வேண்டாம், முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வராதீங்க. அவ்வளவுதான்."

கூட டேக் மாட்டுகிற ராமாயிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷாஹிதா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். இத்தனை வருஷம் உழைத்த இடத்தில் திருடி என்ற பெயர்தான் மிச்சம்.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் ரைசாவின் முதுகில் ரெண்டு வைத்தாள்.

"திருட்டுக் கழுதை! உன்னால வேலை போச்சுடி! உன்னையக் காப்பாத்த, நான்தான் திருடின்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். எத்தனை டேக்கைடி சுரண்டுனே?"

ரைசா மிரண்டு போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் ஒண்ணுகூடத் தொடலைம்மா."

"பொய் சொன்னீன்னா வாயிலயே சூடு வெச்சிருவேன்!"

ரைசா கேமைத் திறந்து போனை நீட்டினாள். அதில் ஒரே ஒரு பொம்மை. ஆரம்பத்தில் சும்மா கொடுத்த நோஞ்சான் ஆமை.

"சுரண்டியிருந்தா எங்கிட்ட நெறைய பொம்மை இருந்திருக்குமில்லம்மா? இந்த ஆமைய வெச்சுக்கிட்டு லீவு பூராவும் தோத்துக்கிட்டேதான் இருந்தேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஷாஹிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைத் திருடி என்று முடிவு கட்டிவிட்டோமே! யா அல்லா! பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அழாத கண்ணு. தினமும் யாருகிட்ட அப்படித் தோத்தே?"

ரைசா மூக்கை உறிஞ்சினாள்.

"பிரபாகர் அங்கிள்கிட்டதான்மா. டேக்ல வர்ற பொம்மை அத்தனையும் அவரு போன்லதான் இருக்கு."