ஓர் அரிசி அகலம்

பூரணி வயலினில் வில்லை வைத்தாலே போதும், மேல்வீட்டுச் சகாயமேரியின் மிக்ஸி அலறத் தொடங்கிவிடும். நான்கு வருடமாக இதே கதைதான். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, வயலின் மூக்கால் பேசுவது பூரணியின் காதுக்கே கேட்டது. அன்று காலை துணிந்து தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவற்றைத் தாங்கி நிற்கும் மரப் பிரிட்ஜின் இரண்டு கால்களும் வார்னிஷில் தடம் பதித்திருந்தன. வாங்கிய நாளிலிருந்து அந்தத் தடத்தைவிட்டு அது அசைந்ததில்லை. "விழுந்து தொலைக்காத ராசா" என்று கெஞ்சியபடி, கட்டைவிரல்களால் ஓர் அரிசி அகலம் தள்ளினாள். சுருதி சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுத்தாள். வயலினின் குரல் இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. மேலே வழக்கம்போல அலறிய மிக்ஸி சட்டென்று நின்றது. திகைப்பில் பூரணியின் கையும் நின்றுவிட்டது. மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். சண்டைதான் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். மூச்சிரைக்க நின்றாள் சகாயமேரி, கையில் பாதி அரைபட்ட தேங்காயோடு மிக்ஸி ஜார். "ஏங்க நிறுத்துனீங்க? நான் மிக்ஸிய நிறுத்துனதே அதக் கேக்கத்தானே!" என்றவள், உள்ளே வந்து, ஜாரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.