கணக்கை விட்டவள்

ஆப்பிள் மரத்தில் சாய்த்திருந்த ஏணியில் நின்றபடியே செமிசி போனில் கத்தினார். ஸ்பீக்கரில் ஊரிலிருந்து மகள் லுபே.

"கணக்கை விட்டுட்டியா? யாரைக் கேட்டு விட்ட?"

"அது எனக்கு வரலப்பா."

"உனக்கா வராது? நாலு வயசுல மீனை எண்ணி வீடு வீடா பங்கு வச்சவடி நீ! என்ஜினீயர் வேலைதான் உனக்குப் பொருத்தம். அதுக்குப் படிக்க வைக்கத்தானே ஆஸ்திரேலியாவுக்கு வந்து பழப் பை சுமக்கிறேன்?"



"பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷமா கணக்கு வாத்தியாரே இல்லப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

செமிசி ஒரு பழத்தைப் பறித்துத் தோளில் தொங்கிய பையில் போட்டார். அடுத்த மரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த கெலெபிக்குப் பொறுக்கவில்லை. அவனும் செமிசியைப் போல பசிபிக் கடலின் டோங்கா நாட்டுக்காரன்தான், ஆனால் வேறு தீவு. இந்த சீசனில்தான் செமிசிக்குப் பழக்கம்.

"என்ன அண்ணே அநியாயம்! பிள்ளைங்களை அம்போன்னு விட்டுட்டு அந்த வாத்தியார் எங்க போய்த் தொலைஞ்சான்?"

"இங்கதான். பழம் பறிக்க வந்துட்டான்."

"இந்தத் தோட்டத்துலயா? எந்த மரம்னு காட்டுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன்!"

"உன் பக்கத்து மரம்தான், கேளு" என்றார் செமிசி, மூக்கை உறிஞ்சியபடி.

கெலெபி கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, அழாதீங்கப்பா" என்றது போன். "எனக்குப் பொருத்தமான வேலையை நான் முடிவு பண்ணிட்டேன். வயசு வந்ததும் நானும் அங்கயே பழம் பறிக்க வந்துடறேன்."