ஒரு டம்ளர் சூடு

கடைசி நட்சத்திரமும் அணைந்த பிறகு, வீட்டுக்கு நாளுக்கு ஒரு டம்ளர் சூடுதான். மங்களா அதைக் காபியாகவே வாங்குவாள். இறந்துபோன கணவர் சிதம்பரத்தின் நினைவு ஓடும் பெட்டிமேல் வைத்தால், அந்தச் சூட்டில் அவர் மறுநாள்வரை விழித்திருப்பார். ஆறிய காபி அவளுக்கு. ஒரு நாள் தவறினாலும் அவர் திரும்ப எழமாட்டார்.

“பொண்ணு பாக்க வந்தப்போ கொதிக்கக் கொதிக்கக் குடுத்தியே, நாக்கே வெந்துபோச்சு. ஆத்திக் குடுக்கத் தெரியாதா உனக்கு?” என்றார் இன்று, தேய்ந்துவரும் குரலில்.

“அதையே எத்தனை யுகத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்க?” சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தவள், டபராவுக்கும் டம்ளருக்குமாக ஒரு முழ உயரத்திலிருந்து நுரை பொங்க ஆற்றினாள்.

“இந்தாங்க, பதமா ஆத்தியாச்சு” என்று பெட்டிமேல் வைத்தபோதுதான் விரலுக்கு உறைத்தது. டம்ளர் சில்லிட்டிருந்தது.

“என்னங்க?” என்றாள்.