பழைய சீலிங்கின் குளிர்ச்சி

"உங்க புது சீலிங்குக்குக் கீழ உட்கார்ந்தா வேர்க்குது தம்பி. என் பழைய சீலிங்கே தேவலாம் லா," என்றார் காமாட்சி.

பிரசாந்துக்கு முகம் சுருங்கிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் காமாட்சி நடத்தும் சேலைக்கடையின் மேல்மாடி அது. வெயில் நேராகக் கூரையில் இறங்குவதால், ஏர்கோன் ஓடினாலும் மதியத்தில் புழுங்கும். பிரசாந்த் மேரு என்ற ஊரில் உள்ள சீலிங் டைல் தொழிற்சாலையில் இன்ஜினியர். கனிம இழையில் செய்யும் வழக்கமான டைலின் முதுகில் நுரை போன்ற ஓர் அடுக்கும் வெள்ளித்தாளும் சேர்த்து, கூரையின் சூட்டைக் கீழே விடாத புது டைல் ஒன்றை அவன் உருவாக்கியிருந்தான்.

தொழிற்சாலைச் சோதனையில் அது அருமையாகத் தேறியது. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் நிரூபித்துக் காட்டினால்தான் உற்பத்தி என்று முதலாளி சொல்லிவிட்டார். தோற்றால் டைலோடு சேர்ந்து அவனுடைய ஒர்க் பெர்மிட்டும் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து மனைவியை அழைத்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

காமாட்சிதான் பெரிய மனதோடு இடம் கொடுத்தார். பாதி அறைக்குப் புது டைல், மீதிப் பாதியில் பழையதே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. தன் மேசை இருக்கும் பக்கத்தைத் தொடக்கூடாது, வேலை கெடும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், படிக்கட்டுப் பக்கத்தில் புதியதை மாட்டினார்கள்.

இப்போது பழைய பக்கம் குளுகுளுவென்று இருந்தது. பிரசாந்த் இரண்டு பக்கத்து டைல்களின் அடியிலும் ஒட்டியிருந்த வெப்பமானிகளை இடம் மாற்றி ஒட்டிப் பார்த்தான். பழையதே ஜெயித்தது.

காமாட்சியின் கணவர் நாச்சியப்பன் அவனுக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிவந்து ஆறுதல் சொன்னார். சாதுவான மனிதர். காமாட்சி எது சொன்னாலும் 'சரிம்மா'தான். சேலை மூட்டை தூக்குவதும் அவர்தான். பண்டமாரானில் இருக்கும் மாமியாரை வாரம் தவறாமல் டாக்டரிடம் கூட்டிப்போவதும் அவர்தான். இவரைப் பற்றித் தன் மனைவியிடம் மூச்சுவிடக்கூடாது என்று பிரசாந்த் முடிவு செய்துகொண்டான்.

பழைய சீலிங்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னதும் நாச்சியப்பனின் முகம் வெளுத்தது. மேலே மரநாய் குட்டி போட்டிருக்கிறது, கடித்துவிடும் என்றார். பிறகு மின்சாரக் கம்பி அறுந்து கிடக்கிறது என்றார். இரண்டையும் பிரசாந்த் நம்பவில்லை. காமாட்சி பேங்க்குக்குப் போன சமயம் பார்த்து ஏணியைப் போட்டு ஏறி, ஒரு டைலைத் தூக்கி டார்ச் அடித்தான்.

சால்வைகள். கம்பளிச் சால்வைகள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், நடு உத்தரத்திலிருந்து சுவர் வரை மெத்தை மாதிரி பரப்பிக் கிடந்தன.

"தம்பி, ஒண்ணையும் கீழ இழுத்துடாதீங்க," என்று ஏணியைப் பிடித்தபடி கெஞ்சினார் நாச்சியப்பன்.

மூன்று வருடங்களுக்கு முன் வட இந்தியா போனவர், குளிரான கேமரன் மலையில் விற்றுவிடலாம் என்று காமாட்சியின் பேச்சையும் மீறி மொத்தமாக வாங்கி வந்த சரக்கு அது. ஒன்றுகூட விலைபோகவில்லை. எல்லாம் விற்றாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டு, தன் சேமிப்பிலிருந்து அந்தப் பணத்தைக் கடைக் கணக்கில் கட்டிவிட்டு, சால்வைகளை மேலே ஏற்றிவிட்டார்.

பிரசாந்துக்குச் சிரிப்பும் வந்தது, உயிரும் வந்தது. அவ்வளவு கம்பளியோடு போட்டிபோட்டால் எந்த டைல் ஜெயிக்கும்? உடனே அகற்றச் சொன்னான்.

"எங்க கொண்டு போறது? அவ கண்ணுல படாம இந்தக் கடையை விட்டு ஒரு கைக்குட்டைகூட வெளிய போகாது."

கடைசியில் பிரசாந்தே ஒரு வழி சொன்னான். சால்வைகளில் சரிபாதியைப் புது டைல் பக்கத்துக்கும் மாற்றிப் பரப்பிவிட்டால் போட்டி நியாயமாகிவிடும். அடுத்த ஞாயிறு காமாட்சி கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய கையோடு, இருவரும் மேலே ஊர்ந்து வேலையை முடித்தார்கள். இறங்கும்போது தலைமுடியெல்லாம் ஒட்டடை.

மறுநாள் மதியம் புது டைல் பக்கம் பழையதைவிட நன்றாகவே குளிர்ந்திருந்தது. காமாட்சி இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். தோல்வியை ஒத்துக்கொண்டார். கிள்ளானில் இருக்கும் தன் இன்னொரு கடை முழுவதற்கும் இந்த டைலையே போடும்படி சொன்னார். இங்கே தன் மேசைப் பக்கம் மட்டும் பழையபடியே இருக்கட்டும் என்றார். நாச்சியப்பன் பெருமூச்சு விட்டு, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் தே தாரிக் வாங்கக் கீழே ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் காமாட்சி குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து கிள்ளான்ல கல்யாணமே இல்ல தம்பி. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சால்வையை நகர்த்தட்டும்னு எதிர்க்கடையில போய் உட்கார்ந்திருந்தேன்."

தெரிந்துமா இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள் என்று பிரசாந்த் கேட்டான்.

"மூணு வருஷமா தெரியும். கல்யாணம் ஆன நாள்லேருந்து என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிட்டிருந்த மனுஷன், அதை மேல ஏத்தின அன்னைக்குத்தான் முதல்முதலா 'சரிம்மா'ன்னாரு. அந்தப் பக்கத்து சீலிங்கை நான் திறக்க விடுவேனா?"