சைக்கிளை விட்டு இறங்கு

"என்னய்யா பாவாடை, இந்த வயசுல ரேஸுக்குக் கெளம்பிட்டியா?"

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையின் கேட்டில் செக்யூரிட்டி ராசாங்கம் சிரித்தபடி வழிமறித்தார். மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தவர், இரண்டு மாதம் கழித்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

பாவாடை சைக்கிளை விட்டு இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழாமல் தப்பினார் என்று சொல்லலாம். மெல்லிய டயர், ஆட்டுக்கடா கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். கேரியரும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. போதாக்குறைக்குத் தலையில் ஒரு சைக்கிள் ஹெல்மெட் வேறு. லாரியில் மூட்டை ஏற்றும் ஆளுக்கும் அந்தக் கோலத்துக்கும் கொஞ்சமும் ஒட்டவில்லை.

"இது ஒம் மவன் கலைச்செல்வன் தம்பி சைக்கிளுதான?"

"அவன்துதாண்ணே."

"இதுக்குத்தான அன்னைக்கி இதே கேட்டுல வச்சு அந்தப் புள்ளைய வாங்கு வாங்குன்னு வாங்குன?"

ராசாங்கம் இடுப்பில் கை வைத்து, பாவாடையின் குரலிலேயே பேசிக் காட்டினார். "எங்கப்பன் நடந்தே செத்தான். நான் சைக்கிள் மிதிச்சேன். நீ இன்ஜினியருடா. எறங்குடா சைக்கிள விட்டு. சைக்கிள்ல வேலைக்குப் போறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

பாவாடை சைக்கிளைக் கேட்டின் கம்பியில் சாய்த்துப் பிடித்தார்.

"ஆபீஸே நின்னு வேடிக்கை பாத்துச்சு. தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'இதுல வர்றதுதான்பா எனக்குப் புடிச்சிருக்கு'ன்னுச்சு. நீ கேட்டியா?"

"கேக்கலண்ணே."

"கேக்காம, புடிவாதமா பெரிய பைக்கா வாங்கிக் குடுத்த. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்துல ஏத்தி, எங்களுக்கெல்லாம் லட்டு குடுத்த. இப்ப நீ மட்டும் ஜாலியா இத மிதிக்கிற. எந்த ஊரு நியாயம்யா இது?"

பாவாடை ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நல்லாத்தான் ஓடுதுண்ணே. காத்து மூஞ்சில அடிக்கிது. அவன் ஆசப்பட்டதுல தப்பே இல்ல. நாந்தான் ஊருக்குப் பயந்துட்டேன். வுட்டுருக்கலாம்."

"இப்ப வருத்தப்பட்டு என்னத்துக்கு? சரி, அத வுடு. தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சுதா?"

பாவாடை ஹெல்மெட்டைக் கழற்றித் துண்டால் தலையைத் துடைத்தார்.

"அட, மொட்டையா? சொல்லவே இல்ல பாத்தியா. தம்பி கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டதா? சமயபுரமா?"

"வேண்டுதல் இல்லண்ணே." பாவாடை ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டினார். "அந்த பைக்ல போயித்தான் விழுந்தான். கல்யாணம் ஆகாத புள்ளைக்கு அப்பன்தான கொள்ளி வைக்கணும்."