காஜா பெராங் திடலில் தண்ணீர் நிற்கும்

மலாக்காவின் காஜா பெராங்கில் அந்த வாரம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். ஊரைக் கெடுத்தவர் கய்யூம் ராவுத்தர்.

அவர் செய்த குற்றம் சாதாரணமானதல்ல. ரங்கூன், கொழும்பு, மேடான், பேங்காக் என்று நாலு தேசத்துக் காற்பந்துக் குழுக்கள் ஆடவிருந்த கீழ்த்திசைக் கிண்ணப் போட்டியை மலாக்காவுக்கு வரவிடாமல் செய்துவிட்டார்.

ஆட்டங்கள் நடக்கும் ஊர்களில் சிங்கப்பூரும் பினாங்கும் முதலிலேயே முடிவாகிவிட்டன. மூன்றாவது ஊர் மலாக்காவா, சிரம்பானா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிக்கச் சிங்கப்பூரிலிருந்து மூன்று கனவான்கள் காரில் வருவதாக ஏற்பாடு. அவர்களில் ஒருவராவது வாழ்நாளில் பந்தை உதைத்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் மூவரிடமும் நல்ல கைத்தடி இருந்தது.

அவர்களை வரவேற்க உள்ளூரில் ஒரு கமிட்டி போட்டார்கள். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா தனபாலன் காரியதரிசி. மளிகைக் கடை கய்யூம் ராவுத்தர் உபதலைவர். தலைவர் பதவிக்கு மட்டும் ஒரு வெள்ளைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

காஜா பெராங் திடலை ஒட்டிய சர்க்கார் நிலத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு ஏழு குடும்பங்கள் இருந்தன. போட்டி வரப்போகிறது என்றதும் மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் சந்தோஷம். அங்கே ஆப்பம் சுட்டு விற்கும் பாக்கியம், நாலு தேசத்துக்காரர்களும் தன் கையால்தான் பசியாறப் போகிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

கனவான்கள் வரும் நாளன்று காலையிலேயே அவள் ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு திடல் முழுக்கப் பெருக்கினாள். ஊரார் அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா' என்று கூப்பிடும் ராவுத்தர், கடை திறக்கப் போகிற வழியில் நின்று பார்த்தார். யார் பெருக்கச் சொன்னது என்று கேட்டார்.

"நானா, இதுக்கு யாரு சொல்லணும்? நம்ம ஊருக்கு வர்றாங்க. குப்பையப் பாத்துட்டுப் போனா நமக்குத்தானே அசிங்கம்?"

ராவுத்தர் கடைப் பக்கம் நடந்தார்.

மத்தியானம் கனவான்கள் வந்தார்கள். பரிசோதனை பிரியாணியில் தொடங்கியது. அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. திடலுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். தனபாலன் மாலைத் தேநீருக்கான பலகாரத்தை மேற்பார்வையிட நின்றுவிட்டதால், ராவுத்தர்தான் அவர்களைத் திடலுக்கு அழைத்துப் போனார்.

திடல் சமதளமாக, காய்ந்து, சுத்தமாக இருந்தது. மூவரும் தலையாட்டினார்கள். போட்டி நவம்பரில் நடக்கும், அப்போது இந்த இடம் எப்படி இருக்கும் என்று ஒருவர் மலாயில் கேட்டார்.

"தண்ணி நிக்கும்," என்று ராவுத்தரும் மலாயிலேயே சொன்னார். "முழங்கால் வரைக்கும். போன வருஷம் கோல் கம்பத்துக்கிட்ட மீன் பிடிச்சோம்."

மூன்று கைத்தடிகளும் தரையை விட்டு மேலே எழும்பின.

பத்து நாளில் கடிதம் வந்தது. சிரம்பான்.

தனபாலன் அவசரக் கூட்டம் போட்டு, ராவுத்தரைக் கமிட்டியிலிருந்து நீக்கினார். ராவுத்தருக்குச் சிரம்பானில் ஒரு மைத்துனர் கடை வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். மாலைக்குள் அது மூன்று கடையாகிவிட்டது. ஊர்ப் பற்று பொங்கி, பக்கத்திலேயே ராவுத்தர் கடையில் கிடைக்கும் அரிசியை விட்டுவிட்டு, தொலைவிலுள்ள ஜாலான் துக்காங் எமாஸ் தெரு வரை நடந்துபோய் வாங்கி வந்தார்கள். ஊர்க் காற்பந்துக் குழுவின் ஆட்டத்துக்கு அதுவரை ஒரு நாளும் வராதவர்கள்கூட நடந்தார்கள்.

பாக்கியம் மட்டும் நேரே கடைக்கே வந்தாள்.

"பத்து வருஷமா அந்தத் திடல் ஓரத்துலதான் கெடக்கறேன். ஒரு நாள் தண்ணி நின்னதில்ல. இப்படி ஒரு பொய் சொல்ல உங்களுக்கு எப்படி நானா மனசு வந்துச்சு?"

ராவுத்தர் சீனிப் பொட்டலத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். இனி உங்கள் கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் போனாள். சொன்னபடியே அதற்குப் பிறகு வரவும் இல்லை.

ராவுத்தரின் மனைவி ஷரீஃபா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். தெருக்குழாயில் யாரும் அவளோடு பேசுவதில்லை. ஒரு நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் வந்து உட்கார்ந்து, பாக்கியம் கேட்டதில் என்ன தப்பு, எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னீர்கள் என்று நேராகக் கேட்டாள்.

ராவுத்தர் வாசலைப் பார்த்தார். வாங்க யாரும் இல்லை.

"போட்டி இங்க வந்தா பெரிய மனுஷங்க உக்கார பெவிலியன் கட்டணும். அதுக்கு அந்த ஏழு வீட்டையும் இடிச்சிடறதுன்னு கமிட்டியில முடிவாச்சு. போட்டி நமக்குன்னு உறுதியான பொறகு அவங்ககிட்ட சொல்லிக்கலாம்னு தனபாலன் சொன்னாரு."

ஷரீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இப்போதே போய்ப் பாக்கியத்திடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

"வேணாம் ஷரீஃபா. உக்காரு."

"ஏன் வேணாம்? உங்களாலதான் வீடு தப்பிச்சதுன்னு அவளுக்குத் தெரியட்டுமே."

"தெரிஞ்சா, இடிக்கிற யோசனைய மொதல்ல யார் சொன்னதுன்னு கேப்பா," என்றார் ராவுத்தர். "நான்தான் சொன்னேன்."