பாஸ்டரம்மாவின் உபவாசம்

சட்டியை எட்டிப் பார்த்த பிறகுதான் பாஸ்டரம்மாவுக்கு உபவாசம் ஞாபகம் வந்தது.

முத்தம்மா தன் கண்ணாலேயே பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் வந்த ரோசம்மாள், கோழிக் குழம்பின் மூடியைத் தூக்கி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். சத்தமில்லாமல் மூடி வைத்தாள்.

"எனக்குத் தட்டு வைக்காதீங்க முத்தம்மா. நான் இன்னைக்கு உபவாசம்."

"இன்னா பாஸ்டரம்மா, இப்ப வந்து சொல்றீங்க?"

"பாஸ்டருக்கு வைங்க. அவங்க நல்லா சாப்பிடுவாங்க."

பாஸ்டர் தாவீது நன்றாகத்தான் சாப்பிட்டார். ரோசம்மாளோ வாசற்படியில் உட்கார்ந்து, அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் மூழ்கியிருந்த முத்தம்மாவின் மகள் சோனியாவுக்குத் தலை பின்னிவிட்டாள்.

முத்தம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஆராதனை முடிந்ததும் சபையில் ஒரு வீட்டில் பாஸ்டர் குடும்பத்துக்குச் சாப்பாடு. இந்த ஞாயிறு இவள் முறை. சிப்காட் கம்பெனி கேன்டீனில் ஊரார் எச்சில் தட்டைக் கழுவிச் சம்பாதித்த காசில் கோழி வாங்கி, மசாலாவைக் கையால் அரைத்து வைத்த குழம்பு.

முன்பு இருந்த பாஸ்டரும் அவர் மனைவியும் இப்படியா? சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். அது மரியாதை. அப்படி அவர்கள் போனபின் ஒருநாள், வெறுங்குழம்பைப் பார்த்துச் சிணுங்கிய சோனியாவின் முதுகில் ஒன்று வைத்தாள் முத்தம்மா. அது வேறு விஷயம்.

விருந்தாளிகள் கிளம்பியதும் மிச்சத்தைக் கோபத்தோடு மகள் தட்டில் கவிழ்த்தாள். இதற்காகவே காத்திருந்த மாதிரி பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்து நின்றாள்.

"உங்கூட்லயும் உபவாசமாக்கா?"

"ஏன், உங்கூட்லயுமா?"

"எங்கூட்ல, ஆசீர்வாதம் ஊட்ல, காலனில எல்லார் ஊட்லயும் இதே கததான். ஞாயித்துக்கெழம யாருனா உபவாசம் இருப்பாங்களா? நம்ம சபையில வெள்ளிக்கெழமதான உபவாச ஜெபம்?"

"ஒடம்பு சரியில்லயோ இன்னாவோ."

"ஒடம்பா? கம்பெனி மேனேஜர் ஊட்டு நிச்சயதார்த்தத்துல பிரியாணிய ரெண்டு தபா கேட்டு வாங்கித் துன்னாங்க. பாத்துக்கினுதான இருந்தேன்? தெக்கத்திக்காரங்கக்கா. இன்னா ஆளுங்களோ. காலனிக்காரங்க கை பட்டது தொண்டையில எறங்காது போல."

பற்றவைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். முத்தம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கழனி வேலைக்குப் போன அப்பாவுக்கு ஆண்டை வீட்டில் தூக்கி ஊற்றிய கூழ் வரைக்கும் ஞாபகம் வந்தது. இங்கே எல்லாரும் ஒன்று என்று சொன்னதால்தானே இந்தச் சபைக்கு வந்தோம்? அதுவே பொய்யென்றால் இனிமேல் அந்தப் படியை மிதிப்பதில்லை. இன்றைக்கே கேட்டுவிடுவது.

பாஸ்டர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி நல்ல சாக்காகக் கிடைத்தது. சோனியாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சபைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறைதான் பாஸ்டர் வீடு. அவர் வண்டியைக் காணோம். கவரைப்பேட்டை ஜெபக் கூட்டத்துக்குப் போயிருப்பார். கதவு ஒருக்களித்திருந்தது. முத்தம்மா குரல் கொடுக்கவில்லை. தள்ளினாள்.

உபவாசக்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய சோற்றையும் பச்சை வெங்காயத்தையும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உபவாசம் முடிஞ்சிதா பாஸ்டரம்மா?"

ரோசம்மாளுக்குப் புரையேறியது.

"பழைய சோறு ஆவுது, எங்க ஊட்டுக் கோழி ஆவாதா? மேனேஜர் ஊட்டு பிரியாணி எறங்குது, எங்க கொழம்பு எறங்காதா? நேராவே சொல்லிடுங்க. நாங்க இன்னாருன்னுதான எங்க தட்டுல கை வெக்கல?"

ரோசம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அப்படியா நினைச்சிட்டீங்க?"

"பின்ன எப்டி நெனைக்கிறதாம்? சட்டியத் தொறந்து பாத்துட்டுதான வேணாம்னீங்க?"

"ஆமா. பாத்துட்டுத்தான் சொன்னேன்." ரோசம்மாள் கையைத் தட்டிலேயே கழுவினாள். "மேனேஜர் வீட்டுல அண்டாவுல இருந்துச்சு முத்தம்மா. உங்க வீட்டுல சின்னச் சட்டியில இருந்துச்சு."

முத்தம்மாவுக்கு விளங்கவில்லை.

"எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி. எங்க வீட்டுக்கும் போதகர் குடும்பத்தோட சாப்பிட வருவாங்க. வேண்டாம்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவங்க எழுந்திரிச்ச பொறவு எனக்கும் தம்பிக்கும் வெறுங்குழம்புதான். அழுதா அடி விழும்." ரோசம்மாள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ரெண்டு பேருமே சாப்பிடலன்னா உங்க மனசு நோகும். அதான் பாஸ்டர் சாப்பிடுவாங்க, நான் ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்துருவேன். இப்படி ஒரு அர்த்தம் வரும்னு எனக்குத் தோணலையே."

வெட்கத்தில் முத்தம்மாவின் தலை தானாகக் குனிந்தது. கையிலிருந்த கண்ணாடியை நீட்டக்கூடத் தோன்றவில்லை.

ரோசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சோனியாவைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு உனக்குக் கறி கிடைச்சுதா?"

"கால் பீஸே கெடச்சிது ஆன்ட்டி!" என்றாள் சோனியா. "மறுபடி எப்ப எங்க ஊட்டுக்கு உபவாசம் இருக்க வருவீங்க?"